தட்டில் ஒரு சிவப்பு டம்ளர்

கவனம் இல்லாதவர்கள்தான் கவனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்புகிறார்கள். இது என் நீண்ட நாள் முடிவு. கவனம் உள்ளவர்களுக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பால் பொங்கினால் அடுப்பை அணைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள்தான், பால் பொங்குவதைக் கண் பார்த்துக்கொண்டுதானே இருந்தது, பிறகு மூளை எங்கே போயிருந்தது என்று உட்கார்ந்து யோசிக்கிறோம். யோசித்து முடிப்பதற்குள் அடுத்த பாலும் பொங்கிவிடும்.

எனக்கு வைத்த பெயர் சுலோச்சனா. அழகிய கண்ணுடையவள் என்று பொருள். ஐந்தாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டுவிட்டார்கள். கண்ணாடி போட்ட பிறகும், வேலூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த சொந்த அப்பாவைப் பார்க்காமல் தாண்டிப் போனவள் நான். (அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். எனக்கு அப்போது கோட்டை அகழித் தண்ணீரில் வெயில் விழுகிற அழகில் நினைப்பு.)

எண்பதுகளின் நடுவில் நான் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஒரு காட்சியைப் பார்க்கும்போது கண் முதலில் எங்கே போகும், அடுத்து எங்கே போகும் என்பதை மூளை எப்படித் தீர்மானிக்கிறது? அதைக் கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதிப் பார்ப்பதுதான் என் வேலை. வீட்டில் இதை விளக்கியபோது, "கண்ணு எங்க போவும்னு தெரிஞ்சிக்க காலேஜுக்கு வேற போவணுமா?" என்று அம்மா கேட்டாள்.

விஷயம் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. கண் வழியாக உள்ளே போகிற காட்சி மூளையில் பல வரைபடங்களாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு ஒன்று, சாய்ந்த கோடுகளுக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று. அக்கம்பக்கத்திலிருந்து மாறுபட்டு நிற்கிற இடம் ஒவ்வொரு வரைபடத்திலும் விளக்கு ஏற்றியதுபோல் எரியும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எந்த விளக்கு அதிகம் எரிகிறதோ அங்கே கண் போகும். போய்ப் பார்த்ததும் அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட வேண்டும். அப்போதுதான் கண் அடுத்ததற்கு நகரும். நான் முதலில் எழுதிய புரோகிராமில் அணைக்கிற பகுதியை மறந்துவிட்டேன். அதன் கண் ஒரே இடத்தில் போய் நின்றது, நின்றபடியே இருந்தது. இதைக் கேட்ட என் அண்ணி விமலா, "உன்னை மாதிரியே அதையும் பெத்துட்ட" என்றாள்.

நாளாக ஆக, அந்த விளக்குகள் எனக்கு நிஜமாகவே தெரிய ஆரம்பித்தன. காட்பாடியில் ரயில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், வயலின் பச்சை முழுக்க மெல்ல அணைந்துபோகும். நடுவில் நிற்கிற ஒற்றைக் கொக்கு மட்டும் எரியும். பிறகு கொக்கு அணைந்து, வரப்பில் போகிற ஒரு குடை எரியும். குடைக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி மின்னும். இப்படி ஒவ்வொன்றாக ஏற்றி அணைத்துக்கொண்டே போனதில் அரக்கோணமும் திருவள்ளூரும் எப்போது வந்து போயின என்று பல முறை எனக்குத் தெரியாது. அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் சுகமாகத்தான் இருக்கிறது.

சுகத்துக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கல்லூரிக் கம்ப்யூட்டரில் என் முறை வாரத்தில் ஒரு மத்தியானம் மட்டும். அதிலும் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஆராய்ச்சிக்கான காலக்கெடு அடுத்த கோடையோடு முடிகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலூர் திரும்ப வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் பாஸ்கர், ஏற்றுமதி செய்கிற ஒரு ஷூ கம்பெனியில் வேலை. பையன் நல்லவன், சிகரெட் கிடையாது என்றெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே போனார். நான் மனசுக்குள் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள், அதற்குப் பையன்தான் பொறுப்பு என்றதும் எல்லா விளக்கும் அணைந்து அப்பாவின் வாய் மட்டும் எரிந்தது. கலர் மானிட்டர். குளிர்சாதன அறை. சாயங்காலத்துக்கு மேல் அதை யாரும் தொடுவதில்லை. அறைச் சாவி பையனிடம். (தூசி வரக் கூடாது என்று அந்த அறைக்கு வெளியே எல்லோரும் காலணியைக் கழற்றிவிட வேண்டுமாம். ஷூ கம்பெனியில் வெறுங்காலோடு போகிற ஒரே அறை அதுதான்.)

போட்டோவைக் காட்டினார்கள். பின்னால் கம்ப்யூட்டர் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன், ஸ்டுடியோ திரைதான் தெரிந்தது. நான் அவ்வளவு நேரம் பார்த்ததை வைத்து அம்மா வேறு முடிவுக்கு வந்துவிட்டாள். வரச் சொல்லுங்கள் என்றேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சாவி. கூடவே ஒரு மாப்பிள்ளை வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதான்.

பாஸ்கருக்குச் சிறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். பெரியப்பா முனிரத்தினம்தான் வளர்த்து, படிக்க வைத்தவர். ஆம்பூரில் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். பச்சைத் தோல் உள்ளே வந்து பதனிட்டு வெளியே போகிற வரை அவர் குரல்தான் அங்கே கேட்கும் என்பார்கள். வீட்டிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் தலையாட்டினால் கல்யாணம். எனக்கு, சாவி.

இந்த நிலையில் நான் செய்ய வேண்டியதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு காபித் தட்டை நீட்டுவது. என் வயதுப் பெண்கள் எல்லோரும் செய்ததுதான். ஆனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் மாடலைச் சோதித்துப் பார்க்க அதுவரை ஒரு மனிதக் கண்கூடக் கிடைத்ததில்லை. பெண் பார்க்க வருகிற அன்றைக்கோ ஒரு கூடம் நிறைய கண்கள் பார்ப்பதற்கென்றே கார் வைத்துக்கொண்டு வருகின்றன. இதை வீணாக்கலாமா?

சோதனை எளிமையானது. தட்டு நிறைய எவர்சில்வர் டம்ளர்கள், நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. என் கணக்குப்படி எல்லோர் கண்ணும் முதலில் சிவப்புக்குத்தான் போக வேண்டும், பெண்ணுக்கு அல்ல. யார் கண் எங்கே போகிறது என்று அண்ணி சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணி முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, மாப்பிள்ளையை முழுசாகப் பார்க்க இதைவிட்டால் வழியில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அவர்கள் வந்தபோது முதலில் வாசனை வந்தது. அத்தர். பின்னால் வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில் முனிரத்தினம், அவருக்குப் பின்னால் பாஸ்கரும் அவன் அம்மாவும் மற்றவர்களும். முனிரத்தினம் உட்காரவில்லை. கை கால் கழுவ வேண்டும் என்றார். அப்பா கொல்லைப்புறக் குழாயடிக்கு அழைத்துப் போனார். வெகுநேரம் கழுவினார் என்று பிறகு அப்பா சொன்னார். சோப்பு வாங்கி முழங்கை வரை தேய்த்துக் கழுவினாராம்.

அவர் திரும்பிக் கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான், எங்கள் வீட்டுச் சமையலறையில் சிவப்பாக ஒரு டம்ளரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. (முதல் நாளே பார்த்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுபடியும் முதல் பத்தியைப் படியுங்கள்.) மிளகாய்த் தூள் டப்பா மூடி வரை தேடிவிட்டேன். அப்போது ஞாபகம் வந்தது, குழாயடிச் சுவரில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் எப்போதும் கவிழ்த்திருக்கும். ஏதோ பவுடர் டப்பாவோடு இலவசமாக வந்தது. ஓடிப்போய் எடுத்து, நன்றாகக் கழுவி, தட்டின் நடுவில் வைத்தேன். அம்மா பஜ்ஜிச் சட்டியோடு போராடிக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி பார்த்துவிட்டாள். "சுலோ, இது குழாயடில இருந்ததுதானே?"

"கழுவிட்டேன் அண்ணி."

"கழுவினா சரியா?" என்றாள். அதற்குள் நான் திரையைத் தாண்டிவிட்டேன்.

கூடத்துக்குள் நுழைந்த அந்த நிமிடம் இன்றும் எனக்குக் கனவுபோல்தான் ஞாபகம் இருக்கிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது. யாரோ இருமுகிறார்கள். அத்தர் வாசனையும் காபி வாசனையும் கலந்து வருகின்றன. ஒவ்வொன்றாக எல்லாம் மங்கி, நான் ஏந்தியிருந்த தட்டு மட்டும் வெளிச்சமாக மிதந்து போனது. வயதில் மூத்தவருக்கு முதலில் கொடுப்பதுதான் முறை என்பதால், என் கால்கள் தாமாகவே முனிரத்தினத்தின் முன்னால் போய் நின்றன.

அவர் கண் நேராகச் சிவப்பு டம்ளருக்குப் போனது.

எனக்கு உடம்பு புல்லரித்தது. கணக்கு சரி. இனி அந்த விளக்கு அணையும், கண் அடுத்த டம்ளருக்கு நகரும் என்று காத்திருந்தேன். நகரவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதலில் எழுதிய புரோகிராம் செய்ததும் இதுதான். அப்படியானால் அது பிழையே இல்லையோ என்று எனக்குள் ஒரு புதுக் கட்டுரை எழ ஆரம்பித்தது. ஆனந்தத்தில் சிரித்தேன். அந்தச் சிரிப்பு தன் பையனைப் பார்த்துத்தான் என்று பாஸ்கரின் அம்மா நினைத்தாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி, ஆராய்ச்சிக் குரலில் கேட்டேன்.

"மொதல்ல எதைப் பாத்தீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா கேக்கற?"

"இந்தத் தட்டுல. உங்க கண்ணு மொதல்ல எங்க போச்சு?"

"கொழாயடில பாத்தேம்மா இதை" என்றார். குரல் உயரவே இல்லை. "செவுத்து மேல கவுத்து வச்சிருந்தீங்க. டேனரிக்காரன் வர்றான்னு எடுத்துட்டு வந்தீங்களா?"

அந்த டம்ளர் ஏன் குழாயடியில் இருந்தது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கொல்லை வழியாக வந்து சாக்கடை தள்ளிவிட்டுப் போகிறவருக்கு அம்மா அதில்தான் காபி ஊற்றுவாள். வீட்டில் இருந்த நாளெல்லாம் அந்தக் குழாயில் முகம் கழுவியவள் நான். அது ஏன் உள்ளே வருவதில்லை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. எங்கே மாறுபட்டு இருக்கிறதோ அங்கே கண் போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த என் கண், சொந்த வீட்டில் தனியாக இருந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் அழுதிருப்பாள், அல்லது தட்டைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் விளக்க ஆரம்பித்தேன். மூளையில் வரைபடங்கள் இருக்கின்றன என்றேன். நிறத்துக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று என்றேன். விளக்கு எரிவதையும் அணைவதையும் சொன்னேன். கையில் தட்டு இருந்ததால் தலையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். காபியில் ஆடை படிந்தது. பாஸ்கரின் அம்மா என் அப்பா பக்கம் சாய்ந்து, "பொண்ணுக்கு இது ரொம்ப நாளா இருக்குதா? வேலூர்லயே இருந்துகினு டாக்டர் யார்கிட்டயும் காட்டலையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

முனிரத்தினம் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அப்பா என்னென்னவோ சொன்னார். "பரவால்லீங்க" என்று கைகூப்பிவிட்டு அவர் வாசலுக்கு நடந்தார். அத்தர் வாசனையும் அவரோடு வெளியே போனது. பஜ்ஜியை யாரும் தொடவில்லை.

பாஸ்கர்தான் கடைசியாக நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். லேஸைக் கட்டிவிட்டு நிமிர்ந்து, யாருக்கும் கேட்காமல் என்னிடம், "அந்த வெளக்கை எப்ப அணைப்பீங்க? கண்ணு அங்க போறதுக்கு முன்னாடியா, போனப்பறமா?" என்றான்.

"போனப்பறம்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மனுஷன் பஸ்ல ஏறுனா பக்கத்துல உக்காந்தவன் எழுந்து போவான். அதுக்குத்தான் அத்தர். நம்ம ஊட்டுக்கு வந்து இன்னும் ஒரு வாட்டி கழுவினாரு" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சாவிக்காக இல்லை. சாவி ஞாபகமே வரவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய அந்தக் கைதான் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தது, அணைக்க முடியவில்லை. அம்மா சிவப்பு டம்ளரை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டாள். மறுநாள் கொல்லை வழியாக வந்தவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி போனது. அவர் அதை வாங்கிக்கொண்டு, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் ஆம்பூருக்குக் கிளம்பினோம். மன்னிப்புக் கேட்க வருகிறோம் என்று அப்பா முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணப் பேச்சு முடிந்துபோன கதை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பள்ளிகொண்டா தாண்டியதும் பாலாற்று மணல் வெயிலில் வெள்ளையாக நீண்டு கிடந்தது. வேறு நாளாக இருந்தால் அந்த மணலிலேயே நான் இறங்கிப் போயிருப்பேன். ஆம்பூர் நெருங்கியதும் தோல் பதனிடுகிற அந்த வாடை வந்தது. முன் சீட்டில் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்தினார். சே என்று நினைத்தபடி குனிந்தால், என் முந்தானையும் என் மூக்கின்மேல்தான் இருந்தது. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் வந்து சேரும்வரை எடுக்கவில்லை.

முனிரத்தினம் எங்களை உட்காரச் சொன்னார். நான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்ல வாய் திறப்பதற்குள் எழுந்து உள்ளே போனார். பாஸ்கர் சுவரோரம் நின்று காலண்டரில் ஏதோ முக்கியமான தேதியைத் தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான். முனிரத்தினம் திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது. பளபளவென்று எவர்சில்வர் டம்ளர்கள். நடுவில் புத்தம் புதுசாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள்.

தட்டை என் முன்னால் நீட்டினார். "மொதல்ல எதைப் பாத்தே?"

சிவப்பு என்று சொல்வதுதான் என் ஆராய்ச்சிக்கு நல்லது. ஆனால் அது உண்மையில்லை.

"உங்க மொகத்தைங்க" என்றேன்.

"ஏன்?"

"கோவம் போயிடுச்சான்னு."

அவர் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார். அண்ணி கிள்ளிய இடம் வலித்துக்கொண்டே இருந்தது. நான் கையை நீட்டிச் சிவப்பு டம்ளரை எடுத்தேன். பிளாஸ்டிக் என்பதால் விரலில் சூடு ஏறவே இல்லை, வாயில் நன்றாகச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன்.

"சக்கர கம்மியா கீதா?" என்று கேட்டார்.

"சரியா இருக்குதுங்க."

"அப்ப சரி" என்றவர், காலண்டர் பக்கம் திரும்பாமலே, "டேய், அங்க இன்னா தேதி பாக்கற? நல்ல தேதியா பாரு" என்றார்.

அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. சாயங்காலங்களில் ஷூ கம்பெனியின் குளிர்ந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு உட்கார்ந்து என் புரோகிராமை முடித்தோம். விளக்கு அணைக்கிற பகுதியை எழுதிக் கொடுத்தது பாஸ்கர்தான். ஆராய்ச்சிக் கட்டுரையை மெட்ராஸில் சமர்ப்பித்த அன்று, காட்சியில் மனித முகம் இருந்தால் இந்த மாடல் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டார். தோற்றுப்போகும் என்றேன். நேர்மையான பதில் என்று பாராட்டினார்கள். அதன் பின்னணி அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் காபித் தட்டு வந்தால், அது யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும், யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "மொதல்ல எதைப் பாத்தே?" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த என் மகள், அதை ஏதோ சாப்பிடுவதற்கு முன் சொல்கிற பிரார்த்தனை என்று வெகுநாள் நினைத்திருந்தாள். அன்று ஆம்பூரில் தட்டில் வந்த அந்தச் சிவப்பு டம்ளர் நிறம் வெளுத்து, விளிம்பு நெளிந்து, எவர்சில்வர் டம்ளர்களோடு ஒரே அலமாரியில் இருக்கிறது. கைக்கு அகப்பட்டவர்கள் அதில் குடிக்கிறார்கள்.

பெரிய மாமாவுக்கு, அதாவது முனிரத்தினத்துக்கு, வயதான காலத்தில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரிக்கிற அன்று நான் காபி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எந்த டம்ளரில் என்று சொல்ல வேண்டியதில்லை. நர்ஸ் பஞ்சை எடுத்தாள். அவர் கண்ணை மெதுவாகத் திறந்து, வெளிச்சத்துக்குக் கூசி, மறுபடி மூடித் திறந்தார். நான் டம்ளரை நீட்டிக் கேட்டேன்.

"மாமா, மொதல்ல எதைப் பாத்தீங்க?"

"செவப்பு டம்ளரைத்தாம்மா" என்றார். "உன் ஆராய்ச்சி கரெக்டுதான்."

சொல்லும்போது அவர் கண் டம்ளர் பக்கமே போகவில்லை. அந்தக் கண் யார் முகத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே.